மைதானமா, மண்டபமா, விடிய விடியக் கூத்தா?

போன கிழமை வன்னியில் உள்ள எங்கள் ஊர் விளையாட்டுக் கழகப் பெடியள் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். "அண்ணை, ஒரு இசை நிகழ்ச்சி வைச்சு நிதி சேர்ப்பம். நீங்கள் முந்தி செய்த ஆள்தானே, சொல்லுங்கோ" என்றார்கள். செய்த ஆள்தான். மூன்று நிகழ்ச்சிகளின் செயற்குழுவில் இருந்திருக்கிறேன். ஒன்றில் கையைக் கடித்தது. ஒன்றில் வரவும் செலவும் சரிக்குச் சரி. ஒன்றில்தான் கொடுப்பதற்குக் காசு மிஞ்சியது. ஆகவே நான் சொல்லப்போவது கெட்டிக்காரனின் யோசனை இல்லை, அடிபட்டவனின் கணக்கு.

காசு எதற்கு என்பதைப் பெடியள் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். அதுவே பாதி நிம்மதி. போரில் முள்ளந்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே இயங்காமல் இருக்கிறவர்கள் எங்கள் சுற்றுவட்டாரத்தில் சிலர் இருக்கிறார்கள். 2009க்குப் பிறகு நிவாரணம், திட்டம் என்று வந்தவை எல்லாம் ஒவ்வொன்றாக முடிந்துபோய்விட்டன. படுக்கைப் புண் முடியவில்லை. காற்று மெத்தை, சிறுநீர்ப் பை, புண் கட்டும் துணி எல்லாம் மாதாமாதம் வாங்க வேண்டியவை. இரண்டாவது, சிறுநீரகம் பழுதாகி வாரத்தில் இரண்டு மூன்று தடவை இரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர்களின் ஓட்டோக் கூலி. வவுனியாப் பக்கமும் எங்கள் பக்கமும் இந்த வருத்தம் விவசாயக் குடும்பங்களை எப்படித் தின்கிறது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சரி, எந்த மாதிரி நிகழ்ச்சி? பெடியளின் மனதில் இருந்தது மைதானம், பெரிய மேடை, சுழலும் லைற், ரிக்கெற். எனக்குத் தெரிந்து எங்களுக்கு முன்னால் நாலு வழி இருக்கிறது. நாலாவது, நிகழ்ச்சியே வைக்காமல் விடுவது. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முதலில் மைதானம். இந்தியாவிலிருந்து பாடகரைக் கூப்பிடும் கதையை நான் முளையிலேயே கிள்ளிவிட்டேன். விசா, விமானம், தங்குமிடம், முற்பணம் எல்லாம் எங்கள் ஊர்ச் சங்கம் தாங்கும் சுமையில்லை. 2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் இந்தியப் பாடகர் வந்த இசை நிகழ்ச்சியில் என்ன நடந்தது என்று எல்லாரும் பார்த்தோம். காசு கொடுத்தவர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று பிரித்து வைத்த தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு சனம் உள்ளே போனது. பெரிய முதலும் ஆட்பலமும் வைத்திருந்தவர்களுக்கே அந்தக் கதி. நாங்கள் கமுகஞ்சலாகையும் கயிறும் கட்டித் தடுக்கப் பார்க்கிறவர்கள்.

ஆகவே மைதானம் என்றால் உள்ளூர் இசைக்குழுதான். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் நல்ல குழுக்கள் உண்டு. கணக்கைப் பார்ப்போம். குழு, ஒலி ஒளி, மேடை, ஜெனரேற்றர், கதிரை, அடைப்பு, நோட்டீஸ் எல்லாம் சேர்த்து ஆறு இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிக்கெற் 500. அப்படியென்றால் முதல் 1,200 ரிக்கெற்றும் மேடைக்கும் ஜெனரேற்றருக்கும் போகிறது. 1,201வது ஆள் வாசலில் காசு கொடுக்கும்போதுதான் காற்று மெத்தைக்கு முதல் சதம் விழுகிறது. இந்த ஒரு வரியைப் பெடியளுக்குக் கொப்பியில் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

இன்னொரு சங்கதி. எங்கள் மைதானங்களுக்கு மதில் இல்லை. பாட்டு காற்றில் போகிறது, அதற்கு வேலி கட்ட ஏலாது. நான் கண்ட நிகழ்ச்சியில் உள்ளே கதிரைகள் பாதி காலி. வெளியே றோட்டுக்கரையில் உழவு இயந்திரப் பெட்டிகளை நிற்பாட்டி, பாய் விரித்து, குடும்பம் குடும்பமாக இருந்து பாட்டுக் கேட்டார்கள். கச்சான்கடலை வாங்கிச் சாப்பிட்டார்கள். பாட்டு முடிய உள்ளே இருந்தவர்களைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 2,000 ரூபா என்றால் அது ஒரு கிழமைச் சாமான்.

பிறகு அனுமதிகள். மைதானத்துக்குப் பிரதேச சபை, ஒலிபெருக்கிக்குப் பொலிஸ். ரிக்கெற் அடித்தால் இப்படியான நிகழ்ச்சிகளுக்குச் சபை வாங்குகிற களியாட்ட வரி. அடித்த ரிக்கெற்றை விற்க முதல் சபைக்குக் கொண்டுபோய் முத்திரை குத்துவிக்க வேண்டும். தர்ம காரியம் என்று விலக்குக் கேட்கலாம், ஆனால் நேரகாலத்தோடு எழுத்தில் கேட்க வேண்டும். நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது போய் நின்றால் நல்ல மனமுள்ள அலுவலராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஒலிபெருக்கி இரவு பத்து மணிக்குப் பிறகு பெரிய தலையிடி. ஆனால் எங்கள் ஊர்ச் சனம் மாட்டைக் கட்டி, சமைத்து, பிள்ளைகளை வெளிக்கிடுத்தி வந்து இருப்பதே எட்டு மணிக்குத்தான். இரண்டு மணித்தியாலப் பாட்டுக்கு ஆறு இலட்சம்.

இரண்டாவது, மண்டபம். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு மண்டபத்தை எடுத்து, முந்நூறு பேருக்கு அழைப்பு, பிள்ளைகளின் நடனம், சங்கீத ஆசிரியர்களின் கச்சேரி, நடுவில் ஒரு உரை. செலவு ஒன்றரை இலட்சம், கதிரை ஒன்று 1,000 ரூபா என்றால், முந்நூறும் நிரம்பினால் மூன்று இலட்சம், அதில் பாதி மிஞ்சும். சிறப்பு மலர் ஒன்று போட்டுக் கடைக்காரரிடம் விளம்பரம் வாங்கினால் இன்னும் கொஞ்சம். மழைக்குப் பயமில்லை, வேலிப் பிரச்சினை இல்லை, ஒன்பது மணிக்கு விளக்கணைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். கணக்கென்று பார்த்தால் மைதானத்தைவிட மண்டபமே புத்திசாலித்தனம். எங்களுக்குக் காசு மிஞ்சிய அந்த ஒன்றும் மண்டபத்தில் நடந்ததுதான்.

ஆனால் அந்த முந்நூறு பேர் யார்? அதிபர்மார், வங்கி முகாமையாளர், மருந்துக்கடைக்காரர், அரிசி ஆலைக்காரர், ஒப்பந்தகாரர். போன மாதம் பாடசாலை நூற்றாண்டு விழாவுக்குக் கொடுத்ததும் அவர்கள்தான், அதற்கு முதல் கோயில் கோபுரத்துக்குக் கொடுத்ததும் அவர்கள்தான். ஒரே மாட்டை எத்தனை தரம் கறப்பது? ரிக்கெற் புத்தகத்தோடு கடை வாசலில் பெடியள் வந்து நின்றால் முதலாளி பின்பக்கத்தால் போகிற காட்சியை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அப்புறம், மண்டபம் இருப்பது பட்டணத்தில். ஒட்டுசுட்டானுக்கு உள்ளே இருக்கிற ஒரு அம்மாவுக்குப் பின்னேர பஸ் போனால் போனதுதான். யாருக்காக நிகழ்ச்சி நடக்கிறதோ அவர்கள் வாழும் ஊர் அங்கே இருக்காது. அவர்களில் ஓரிருவரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து மேடையில் இருத்தி, பெரிய காசோலை மட்டையைப் பிடிக்க வைத்துப் படம் எடுப்பார்கள். அந்தப் படம் பேஸ்புக்கில் வரும். எனக்கு அது அறவே பிடிக்காது. அப்படி ஒருமுறை மேடையேற்றப்பட்ட ஒருவர் பிறகு என்னிடம், "உதவிக்கு நன்றி தம்பி, அடுத்தமுறை சாமானை வீட்டில தந்திட்டுப் போங்கோ" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாவது வழியைச் சொன்னபோது பெடியள் சிரித்தார்கள். கூத்து.

காத்தவராயன் கூத்து தெரியாத ஊர் வன்னியில் இருக்காது. சிந்து நடையில் விடிய விடிய ஆடுவது. மாரியம்மனுக்கு நேர்த்தி வைத்து ஆடுகிறவர்களும் உண்டு. முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்து, அதற்கென்று முல்லைமோடி என்ற தனி ஆட்டமுறையே இருக்கிறது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் இருக்கும் மண்ணில் கோவலன் கதைக்கு ஆள் சேர்க்க நோட்டீஸ் அடிக்கத் தேவையில்லை. மன்னார்ப் பக்கம் போனால் கத்தோலிக்க ஊர்களுக்கென்று வேறு நாட்டுக்கூத்து மரபு. இதெல்லாம் பழைய சாமான் என்று பெடியள் நினைக்கிறார்கள். ஆனால் ஆடுகிறவர்களில் பாதிப்பேர் அவர்கள் வயதுதான், அதைக் கவனிக்கவில்லை போல.

செலவைப் பாருங்கள். ஆடுகிறவர்கள் ஊர்க்காரர். உடுப்பு, ஒப்பனை, ஆர்மோனியம், உடுக்கு, கூத்துப் பழக்குகிற அண்ணாவியாருக்கு மரியாதை, சாப்பாடு, கொஞ்சம் லைற். ஒரு இலட்சத்துக்குள் அடக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். ரிக்கெற் இல்லை, ஆகவே ரிக்கெற் வரியும் இல்லை, வேலியும் இல்லை. உழவு இயந்திரப் பெட்டியில் வருகிறவர்கள் நேராக மேடைக்கு முன்னால் கொண்டுவந்து நிற்பாட்டலாம்.

அப்படியானால் காசு எங்கிருந்து வரும்? இதில்தான் எங்கள் சனத்தின் குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ரிக்கெற்றுக்கு 500 ரூபா கேட்டால் தலையைச் சொறிகிற அதே மனிசன், பெயரை மேடையில் வாசிப்பார்கள் என்றால் 2,000 கொடுப்பார். அப்பா பெயரில், செத்துப்போன மகன் பெயரில், கனடாவில் இருக்கிற தங்கச்சி பெயரில் கொடுப்பார். கூத்தில் நல்லாய் ஆடுகிறவருக்கு மேடையிலேயே அன்பளிப்புக் கொடுப்பதும் ஏற்கெனவே உள்ள பழக்கம். இந்த முறை அந்த அன்பளிப்பு நிதிக்கு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஆடுகிறவர்களுக்கும் மனத்தாங்கல் இராது. நடுச்சாமத்தில் ஒரு ஏலம்: முதல் அறுவடை நெல் ஒரு மூட்டை, வாழைக்குலை, ஒரு நாட்டுச் சேவல். சேவலுக்கு எங்கள் ஊரில் போகிற விலையைப் பார்த்தால் அந்தச் சேவலே வெட்கப்படும். கச்சான்கடை, தேத்தண்ணிக்கடை, ஐஸ்கிறீம் வான் எல்லாம் இடவாடகை தரும். தேத்தண்ணிக்கடையை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திடம் கொடுத்தால் இலாபம் முழுக்க நிதிக்கே வந்துவிடும். விடியும்வரை முழித்திருக்கிற ஆயிரம் பேர் எத்தனை தேத்தண்ணி குடிப்பார்கள் என்று யோசியுங்கள்.

கூத்தில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. வருமானம் எவ்வளவு என்று முதல்நாள் வரை தெரியாது. பெயர் வாசிப்பது அளவுக்கு மிஞ்சினால் கதை முடிவில் காத்தான் கழுமரம் ஏற முதலே விடிந்துவிடும். விடிய விடிய ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடைக்காது. பத்து மணிக்குப் பிறகு ஒலிபெருக்கியை நிற்பாட்டி, சனம் மேடைக்குக் கிட்ட இருந்து கேட்கிற மாதிரி நடத்த வேண்டும். எங்கள் அண்ணாவியாருக்கு அது பிரச்சினையில்லை. அவரது குரலுக்கு மைக் பின்னாளில் வந்த சாமான்.

பெரிய குறை இடம். கூத்து என்றதும் எல்லாரும் கோயில் வீதியைச் சொல்வார்கள். நான் வேண்டாம் என்றேன். உதவி பெறுகிற குடும்பங்களில் கிறிஸ்தவ வேதக்காரரும் இருக்கிறார்கள், முஸ்லிம்களும் இருக்கிறார்கள். அதுபோக, எல்லாக் கோயில் வீதியும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை என்பதும் எங்களுக்குத் தெரிந்ததுதானே. கோயில் என்றால் பரிபாலன சபை ஒன்று இருக்கும், மிஞ்சிய காசில் கோயிலுக்கும் ஒரு பங்கு என்று பேச்சு வரும். அந்தப் பேச்சு வந்தால் அடுத்த வருடம் நிகழ்ச்சி இல்லை. சனசமூக நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள பொதுக்காணி போதும். கொஞ்சம் மேடுபள்ளம்தான், பெடியள் ஒரு சனிக்கிழமை மண்வெட்டியோடு வரட்டும்.

நாலாவது வழியை மறக்கவில்லை. ஒன்றும் வைக்காமல், வீடு வீடாகப் போயும் வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரரிடம் கேட்டும் காசு சேர்த்தால் என்ன? செலவு ஒரு ரசீதுப் புத்தகம் மட்டும். சுத்தக் கணக்கில் இதை வெல்ல ஒன்றுமில்லை. லண்டனிலும் சுவிஸிலும் இருக்கிற எங்கள் ஊர்க்காரர் இரண்டு பேர், "நிகழ்ச்சிக்குச் செலவழிக்கிற காசை நேரே அந்தக் குடும்பங்களுக்குக் குடுக்கலாம்தானே" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. முதல் வருடத்துக்கு அது சரி. ஆனால் ரசீதுப் புத்தகத்தோடு மூன்றாம் வருடமும் போனால் படலை திறக்காது. வெளிநாட்டுக்காரருக்கும் அங்கே வீட்டுக்கடன், பிள்ளைகளின் படிப்பு. நிகழ்ச்சி என்பது காசுக்கு மட்டுமில்லை. பக்கத்து ஒழுங்கையில் பதினைந்து வருடமாகக் கட்டிலில் கிடக்கிற ஒருவரை மறந்துபோன ஊருக்கு அவர் இருக்கிறார் என்று தெரியவைப்பதும் அதில் சேர்த்தி. அதனால் வெளிநாட்டுக்காரரிடம் நான் வேறு மாதிரிக் கேட்கச் சொன்னேன். நிதிக்குத் தராதீர்கள், செலவுக்குத் தாருங்கள். ஒருவர் லைற், ஒருவர் ஒலி, ஒருவர் சாப்பாடு. நிகழ்ச்சி தொடங்க முதல் செலவு முழுக்கக் கட்டியாயிற்று என்றால், அன்றிரவு விழுகிற ஒவ்வொரு ரூபாவும் முழுதாக மெத்தைக்கும் ஓட்டோவுக்கும் போகும். அதை மேடையில் நின்று அடித்துச் சொல்லலாம். சனமும் நம்பிக் கொடுக்கும். இந்த ஏற்பாடு மைதானத்துக்கும் பொருந்தும், ஆனால் ஆறு இலட்சத்துக்கு ஆள் பிடிப்பதைவிட ஒரு இலட்சத்துக்குப் பிடிப்பது லேசு.

கடன் வாங்கி நிகழ்ச்சி வைக்கவே கூடாது. எங்களுக்குக் கையைக் கடித்த அந்த முறை, மேடை போட்டுக்கொண்டிருக்கும்போதே மழை கொட்டியது. முற்பணம் திரும்பி வரவில்லை. பொருளாளர் மனைவியின் சங்கிலியை அடகு வைத்து ஒலிக்காரருக்குக் கொடுத்தார். இல்லாதவர்களுக்கு உதவப்போய், உள்ளவன் ஒருவனையும் இல்லாதவன் ஆக்கினோம். அதற்குப் பிறகு அவர் எந்தச் சங்கத்துக்கும் வரவில்லை. மைதானமா கூத்தா என்ற கேள்வியை நான் கடைசியில் இந்த ஒன்றை வைத்துத்தான் தீர்க்கிறேன்: மழை வந்து எல்லாம் பிழைத்தாலும் ஒருவருடைய நகையும் அடகுக்குப் போகக் கூடாது. கூத்துக்கு மழை வந்தால் அடுத்த கிழமைக்குத் தள்ளி வைக்கலாம், ஆடுகிறவர்கள் ஊரில்தானே இருக்கிறார்கள். இசைக்குழுவுக்கு அடுத்த கிழமை வேறு ஊரில் நிகழ்ச்சி இருக்கும்.

திகதி பற்றி. ஐப்பசி முதல் மார்கழி வரை மழை, அதை விட்டுவிடுவோம். மே 18ஐச் சுற்றிய நாட்களும் நவம்பர் கடைசி வாரமும் போரில் போனவர்களை நினைக்கிற நாட்கள், எங்கள் பக்கம் மேடை போடுகிற நாட்கள் அல்ல. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் வருகிறது. கடல் தண்ணீரில் விளக்கெரிக்கிற அம்மனோடு நாங்கள் போட்டிபோட முடியாது. பங்குனியில் புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயில் பொங்கல். ஆடி ஆவணியில் வெளிநாட்டுக்காரர் விடுமுறையில் வருவார்கள், ஆனால் பாதிப்பேர் நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்விடுவார்கள். அந்த நேரத்துத் தென்மேற்குச் சோளகக் காற்று மேடைச் சீலையையும் சேர்த்துத் தூக்கும். பரீட்சைத் திகதிகள் கொரோனாவுக்குப் பிறகு இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன, பாடசாலையில் கேட்டுவிட்டுத்தான் எதையும் முடிவு செய்ய வேண்டும். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது, மாரிமழைக்கு விதைக்கிற காலபோக நெல்லின் அறுவடைக்குப் பின்னான சில கிழமைகள். நெல் விற்ற காசு கையில் இருக்கும், கடன்காரர் இன்னும் முழுக்க வாங்கியிருக்க மாட்டார்கள். வயலும் காய்ந்திருக்கும்.

பெடியளில் ஒருவன், கூட்டத்தில் கடைசியாக வாய் திறந்தவன், ஒன்று கேட்டான். "எல்லாம் சரி அண்ணை, பாட்டு நிகழ்ச்சி பத்து மணிக்கு முடிஞ்சா சனம் எப்பிடி வீட்ட போறது?" நான் யோசிக்காத விசயம். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற ஏ34 வீதி ஏறக்குறைய 50 கிலோமீற்றர். அதிலிருந்து உள்ளே போகிற கிராம வீதிகளில் இரவில் யானை நிற்கும். பத்தரை மணிக்குப் பிள்ளையை முன்னால் இருத்தி, மனிசியைப் பின்னால் இருத்தி மோட்டார் சைக்கிளில் அந்தக் காட்டு வழியால் போகச் சொல்லி நாங்கள் நிகழ்ச்சி வைக்கப் போகிறோமா? கூத்து விடிந்த பிறகுதான் முடியும். வெளிச்சத்தில் வீட்டுக்குப் போகலாம். பழைய ஆட்கள் விடிய விடிய ஆடியதற்கு வேறு காரணங்கள் இருக்கும், ஆனால் இந்த வசதியையும் அவர்கள் அறியாமல் இருந்திருக்க மாட்டார்கள்.

பெடியளையும் முழுக்கக் கைவிடவில்லை. பின்னேரம் ஆறரைக்கு உள்ளூர்ப் பாடகர்கள் நாலு பேர், ஒரு கீபோட், ஒரு பாட்டுப் பெட்டி என்று சின்னதாக இசை. ஒன்பதரைக்கு அதை நிற்பாட்டி, பத்துக்குக் கூத்து. உண்டியலுக்கு இரண்டு பூட்டு, திறப்பு இரண்டு பேரிடம். ஒருவர் ஊர்ச் சங்கம், மற்றவர் கிராம சேவையாளர் சொல்கிற ஆள். காசை விடிய எல்லாருக்கும் முன்னால் எண்ணி, கணக்கைச் சனசமூக நிலையச் சுவரில் ஒட்டுவது. உதவி காசாக அல்ல, சாமானாக, படம் எடுக்காமல், வீட்டில்.

நேற்று அண்ணாவியாரிடம் போனோம். வயது எழுபதுக்கு மேல். எவ்வளவு தருவீர்கள் என்று அவர் கேட்கவில்லை. "நிலா எப்ப?" என்று கேட்டார். நாட்காட்டியை எடுத்துப் பார்த்தோம். மாசிப் பூரணைக்குப் பிந்திய சனிக்கிழமை என்றால் நிலா கொஞ்சம் பிந்தித்தான் எழும்பும், ஆனால் விடியும்வரை நிற்கும். அது அவருக்குப் பிடித்திருந்தது. பெடியன் பேனாவை எடுத்து அந்தத் திகதியைச் சுற்றி வட்டம் போடப் போனான். புதுப் பொருளாளர் கையைப் பிடித்தார். "பென்சிலால போடு தம்பி. நெல்லு விலை தெரியட்டும்."